அனுபவஸ்தர்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், திருச்சி விமானத்திலிருந்து இறங்கி, மகனோ மகளோ குடியிருக்கும் தூரதேசத்துக்கு வேறு விமானம் பிடிக்க வேண்டிய முதிய தம்பதியரின் கூட்டத்திலே, கழுத்தில் பாஸ்போர்ட் பையும் முகத்தில் ஓர் அலாதியான அலட்சியமும் தரித்துக்கொண்டு, மனைவிக்குப் பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்து செல்லும் ஒருவரை நீங்கள் தவறாமல் காணலாம். அவர்தாம் அனுபவஸ்தர். வழி தெரியாதவர்கள் யாரையாவது விசாரித்து உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆகையால் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அனுபவஸ்தர் விசாரிப்பதில்லை.

அவருடைய அதிகாரத்துக்கு ஆதாரம், 2016-ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட ஒரே ஒரு பிரயாணம். அந்த ஆண்டில் சாங்கியில் இருந்தவை மூன்று டெர்மினல்களே. 1981-ல் பாய லேபார் விமான நிலையத்தின் வேலையை ஏற்றுக்கொண்டு முதலாவது திறந்தது. 1990-ல் இரண்டாவதும் 2008-ல் மூன்றாவதும் வந்தன. நான்காவது, அனுபவஸ்தர் ஊர் திரும்பி, தம் பிரயாண வைபவத்தைத் தெருவாசிகளுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, 2017-ல் திறக்கப்பட்டது. ஆனால் அவர் மனத்தில் ஒருமுறை பதிந்த விஷயம் கல்வெட்டுச் சாசனம் போன்றது. பின்னால் வந்த ராஜா அதைத் திருத்த முடியாது. ஆகவே அடுத்த விமானத்துக்கான சீட்டில் நான்காம் டெர்மினல் என்று கண்டிருப்பதைப் பார்த்ததும், அது அச்சுப்பிழை என்று அவர் தீர்ப்பளித்துவிடுகிறார்.

“என்னங்க, அந்தக் கவுண்ட்டர்ல ஒரு வார்த்தை கேட்டுடலாமே?” என்று அம்மாள் மெல்லத் தொடங்குவாள்.

“நான் வந்த இடம்தானே இது? நீ பேசாம வா.”

இதற்குப் பிறகு நிகழ்வது ஒருவகை க்ஷேத்திராடனம். முதல் மூன்று டெர்மினல்களையும் இணைத்து ஓடும் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, கட்டணமும் கிடையாது. அனுபவஸ்தர் முன் கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டு, அந்த ஓட்டுநர் பதவியைத் தாமே வகிப்பவர்போல், வளைவு வருமுன்பே தலையைச் சாய்ப்பார். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் வழியில், 2019-ல் திறந்த ஜுவல் என்னும் கண்ணாடி மாளிகைக்குள் ரயில் நுழைகிறது. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து, கூரைக்குள்ளேயே ஓர் அருவி கொட்டுகிறது. 2016-ல் இந்த அருவியும் இல்லை. அதனால் அனுபவஸ்தர் ஒரு கணம் திகைப்பார். உடனே சமாளித்துக்கொண்டு, “போன தடவை இதை மூடி வச்சிருந்தாங்க” என்பார். இந்தச் சமயோசிதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

மூன்றாவதிலே வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. முதலாவதிலே கள்ளிச்செடித் தோட்டம் இருக்கிறது. விமானத்தைத் தேடிக்கொண்டு போன தம்பதியர் இவ்விரண்டையும் தரிசித்துவிடுகிறார்கள் என்பதை, நியாயமாக, அனுபவஸ்தரின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அம்மாளின் முழங்கால் வலியை எந்தக் கணக்கில் வைப்பது என்பது வேறு விஷயம்.

கடைசியில் அவர் கழிவறைக்குச் சென்றிருக்கும் இடைவெளியில், அம்மாள் அந்தப் பக்கமாகப் போகும் ஊழியர் ஒருவரிடம், “தம்பி, இது எங்கே இருக்கு?” என்று சீட்டை நீட்டுவாள். தமிழும் அரசாங்க மொழிகளில் ஒன்றாக இருக்கும் ஊர் அது. பதில் தமிழிலேயே கிடைத்தாலும் கிடைக்கும். விமானம் மாறும் பிரயாணிகளுக்கென்று தனியே பஸ் விடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். திரும்பி வந்த அனுபவஸ்தர் செய்தியைக் கேட்டு, “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்று முன்னால் நடப்பார்.

நான்காம் டெர்மினலிலே அவருக்கு இன்னுமொரு சோதனை காத்திருக்கிறது. மற்ற மூன்றிலும் பாதுகாப்புச் சோதனையை விமானம் ஏறும் வாயிலருகேதான் நடத்துகிறார்கள். ஆகையால் அதுவரையில் தண்ணீர் பாட்டிலைத் தாராளமாகக் கையில் வைத்திருக்கலாம் என்பது அவருடைய சாஸ்திரம். நான்காவதிலோ எல்லா வாயில்களுக்கும் பொதுவாக, முன்கூட்டியே சோதித்துவிடுகிறார்கள். விலை கொடுத்து அப்போதுதான் வாங்கிய பாட்டிலை எறிய மனம் வராமல், வரிசையில் நின்றபடியே ஒரு லிட்டரையும் குடித்துத் தீர்க்கும் அந்தக் காட்சியை வீரச்செயல் என்றே சொல்ல வேண்டும். அடுத்த விமானத்தில் அவருக்கு வாய்த்திருப்பது ஜன்னலோர ஆசனம் என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

மகன் வீட்டில் இந்த யாத்திரை வேறு விதமாக வர்ணிக்கப்படும். அம்மாள் மறுத்துப் பேச மாட்டாள். ஆனால் சாங்கியில் நீங்கள் அவர் பின்னால் போக நேர்ந்தால், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நான்காம் டெர்மினலுக்கு ரயில் கிடையாது, பஸ் உண்டு, அதற்குக் காசு வாங்குவதில்லை.