ஏஏபிஏ சார்

கவிதையைக் கண்டால் சிலர் ரசிப்பார்கள், சிலர் கொட்டாவி விடுவார்கள். எங்கள் பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் பென்சில் சீவுவார்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. ஊருக்கு அவர் ஏஏபிஏ சார். வரிகளின் கடைசியில் எந்த ஓசை எதோடு சேர்கிறது என்று ஏ, பி போட்டுக் காட்டும் ரைம் ஸ்கீம்தான் அவருடைய மூச்சு. போர்டில் அதைப் பார்த்த சத்துணவு ஆயா, "யாருக்கு சார் ரத்தம் வேணும்?" என்று பதறியதாக ஒரு கதை உண்டு.

கவிதை பீரியட் என்றால் மூன்று நிறச் சாக்பீஸ் வரும். சிமிலிக்கு மஞ்சள், மெட்டஃபருக்குப் பச்சை, அலிட்டரேஷனுக்குச் சிவப்பு. "'லைக்' வந்தா சிமிலி, கண்ணை மூடிக்கிட்டு எழுது" என்பார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்ற ஆங்கில வாக்கியத்திலும் சிமிலி கண்டுபிடித்தவன் எங்கள் வகுப்பில்தான் இருந்தான்.

தமிழய்யாவோடு அவருக்குத் தீராத பங்காளித் தகராறு. அலிட்டரேஷனைப் பார்த்து, "இது எங்க வீட்டு மோனை" என்பார் அய்யா. "உங்க எதுகை வரிக்குத் தலையில, எங்க ரைம் வால்ல" என்பார் சார். "வால்ல வந்தா அதுக்கு இயைபுன்னு பேரு. அதுவும் எங்ககிட்ட இருக்கு" என்று டீயை உறிஞ்சுவார் அய்யா.

சாரின் உச்சம், ராபர்ட் ஃப்ராஸ்டின் பனிக் காட்டுக் கவிதை. பள்ளி திறந்த கையோடு, ஜூன் வெயிலில் அதை எடுப்பார். ஒருவன் குதிரையோடு போகிறான், காட்டோரம் நிற்கிறான், பனி விழுவதைப் பார்க்கிறான், கிளம்புகிறான். அவ்வளவுதான். சார் விடுவாரா?

"குதிரை எதுக்கு சிம்பல்?"

"எந்தக் கட்சி சார்?"

உதை வாங்காமல் தப்பிய கேள்வி அது. காடு, இருட்டு, பனி, தூக்கம் எல்லாமே சாவு என்பது சாரின் தீர்ப்பு. அப்படிப் படித்தவர்களை ஃப்ராஸ்டே மறுத்திருக்கிறார். ஆனால் எழுதியவருக்கு மார்க் போடும் அதிகாரம் ஏது?

முதல் பத்தி ஏஏபிஏ. கடைசிப் பத்தியில் நான்கு வரியும் டி. சார் டிடிடிடி என்றதும் கடைசி பெஞ்ச் புல்லட்டைக் கிளப்பிவிடும். அது அடங்கியதும், "கடைசி வரியை ஏன் ரெண்டு தடவை சொல்றார்?" என்று கேட்பார்.

"மெமரி பொயம் சார். மனப்பாடத்துக்கு வசதியா."

அப்போது நேருவை அழைப்பார். அந்தக் கடைசி வரிகளை நேரு தம் கைப்பட எழுதிப் பக்கத்திலேயே வைத்திருந்தார் என்று சொல்லும்போது மட்டும் குரல் தழையும். "ரைமிங் வேர்ட்ஸுக்கு அடிக்கோடு போட்டிருந்தாரா சார்?" என்று ஒருவன் கேட்டான். சார் யோசித்தார். சந்தேகம் நியாயமானதுதானே!

ஒருநாள் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஜன்னலோரத்து மேகமும் சேர்ந்துகொள்ள, போர்டில் மூன்று நிறமும் ஒரே நிறமாயின. வேறு வழியில்லாமல் சார் புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடி, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை. ஃப்ராஸ்டும் அந்தக் கவிதையை ஒரு ஜூனில், 1922இல்தான் எழுதினார். இரவெல்லாம் விழித்து வேறொரு நீண்ட கவிதையை முடித்த கோடை விடியலில் அவருக்குப் பனி பெய்தது. எங்களுக்கு மதியம் மூன்றாவது பீரியடில் பெய்தது. புல்லட் ஓட்டிகள்கூட அசையவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன், தன்னை அறியாமல், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

கரண்ட் வந்தது. சார் கண்ணைத் திறந்தார். பொத்தானைப் பார்த்துவிட்டார்.

"குளிருதாடா?"

"ஆமா சார்."

சார் முகம் மலர்ந்தது. சாக்பீஸை எடுத்தார்.

"எழுதிக்க. இமேஜரி. ரெண்டு மார்க்."