ஆரணிக்கு ஒரு பத்தை போதும்

வட மாவட்டங்களில் பரங்கிக்காய் என்றும் கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் வழங்கும் மஞ்சள் பூசணி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த காய் என்பதைப் பரங்கி என்ற தன் பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆயினும் பட்டு நெசவு ஊரான ஆரணியில் அது சாம்பாரில் மிதக்கும்போது எவரும் அதன் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

இக்காயின் நெருங்கிய உறவான குக்குர்பிட்டா மாக்ஸிமா என்னும் இனத்தைச் சேர்ந்த இராட்சதப் பூசணியோ, ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் அலாஸ்காவில் பெயரெடுத்திருக்கிறது. அங்குள்ள பாமர் நகரின் மாநிலக் கண்காட்சியில் 2022ஆம் ஆண்டு டேல் மார்ஷல் என்பவர் கொண்டுவந்த காய் 2,147 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 974 கிலோ, இருந்தது. உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிவிடும் இக்கொடிக்கு அங்கே கிடைப்பது சுமார் நான்கு மாதங்களே என்பதால், விதையை வீட்டுக்குள் முளைக்கவைத்து, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நட்டு, மண்ணுக்கும் கம்பி வழியே சூடேற்றி, விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, காய்க்குக் கம்பளியும் போர்த்துகிறார்கள். கொடிக்கு ஒரே காய் என்று வைத்துக்கொண்டு மற்றப் பிஞ்சுகளையெல்லாம் கிள்ளி எறிகிறார்கள். ஆரணிக் கொல்லையில் இதைச் செய்பவருக்குப் பாட்டி அன்று சோறு போடமாட்டாள்.

வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது இக்காய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ கூடும். குழித்தறியில், அதாவது மிதிகட்டைகள் தரைக்குழிக்குள் அமைந்த தறியில், நெசவாளி ஒருவர் பல நாள் காலை ஆட்டி முடிக்கும் பட்டுச் சேலை ஒரு கிலோவை எட்டுவதே அரிது என்பதை எண்ணும்போது, தூங்கிக்கொண்டே எடை கூடும் பூசணியின் மீது ஊரில் சிலருக்குப் பொறாமை எழுவது இயல்பே. குறுகிய பருவத்தின் அருமையும் நெசவாளிகளுக்குத் தெரியாததன்று: தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி ஊட்டும் நேரம் பார்த்து வானம் இருட்டினால், அலாஸ்கா விவசாயியின் முகம் எப்படி இருக்கும் என்பதை ஆரணித் தெருவிலேயே காணலாம்.

அப்படியானால் ஆண்டெல்லாம் வெயில் காயும் ஆரணியில் ஆயிரம் கிலோ காய் ஏன் விளையவில்லை என்று கேட்கத் தோன்றும். வெப்பம் மிகுந்தால் பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறைகின்றன. இரவும் புழுங்கினால், பகலில் இலை சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. ஆண் பூக்கள் மிகுதியாவதால் மார்கழிக் கோலத்தின் சாணி உருண்டைக்குப் பூத் தட்டுப்பாடு இல்லை என்பது வேறு கணக்கு.

இவற்றையெல்லாம்விட வலுவான காரணம் அடுப்பங்கரையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் 7 முதல் 8 கிலோ வரை இருக்க, பின்னர் வந்த கோ 2 ரகக் காயோ ஒன்றரை முதல் இரண்டு கிலோவுடன் நின்றுவிட்டது. உலகம் மேல்நோக்கி ஓடும்போது கோயம்புத்தூர் கீழ்நோக்கி நடப்பதைப் பின்னடைவு என்று கருதுவோர், சந்தையில் முழுக்காய் வாங்கும் மனிதரைக் கடைசியாக எப்போது கண்டார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரணியில் பரங்கிக்காய் பத்தையாகவே, அதாவது கீற்றாகவே, விலைபோகிறது. அதிலும் விதைப்பக்கம் அதிகம் என்று பேரம் உண்டு.

இக்கட்டுரையாசிரியரின் வீட்டுக் கொல்லையில், குப்பைக்குழியோரம் எவரும் நடாமலே முளைத்த கொடி ஒன்று, கம்பளி, கம்பிச்சூடு ஏதுமின்றி ஆறு கிலோவில் ஒரு காய் தந்தது. மூவர் உள்ள வீட்டில் அது மூன்று நாள் சாம்பாரிலும் குறையாமல் போகவே, பத்தை போட்டு நான்கு வீடுகளுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது. மறுநாள் பகலுக்குள் நான்கு பாத்திரங்களும் திரும்பி வந்தன. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரலாகாது என்ற வழக்கப்படி, நான்கிலும் பரங்கிக்காய்க் கூட்டு.