முதலில் நாடி பாருங்கள்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1960களின் புல்லட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. வீட்டிலேயே சீர்செய்ய ஆசை. முதலில் பெயிண்ட் அடித்துவிடலாமா?

பதில்: மூச்சுப் பேச்சின்றிக் கிடப்பவருக்கு முதலில் நாடி பார்க்க வேண்டும், பட்டு வேட்டி அப்புறம். உதைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டு உள்ளே துரு ஏறியிருந்தால், உதைக்கும்போது பிஸ்டன் ரிங் சுவரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைவழியே எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். அசைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு டேங்க், கார்புரேட்டர், பிளாட்டினம் பாயிண்ட். “பளபளப்பு வந்தால்தானே வேலையில் உற்சாகம் வரும்?” என்பீர்கள். எஞ்சினை மறுபடி இறக்கும்போது விழும் முதல் கீறலோடு அந்த உற்சாகம் போய்விடும். தவிர, திருவொற்றியூர் ஆலையில் தயாரான புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வந்ததால் உதிரிபாகம் தேடினால் கிடைக்கும். டேங்கில் கையால் இழுத்த பழைய கோடு எந்தக் கடையிலும் கிடைக்காது. 2021இல் வந்த மத்திய விதிகளும் 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டியைத்தான் விண்டேஜ் என்கின்றன. சேசிஸ் எண்மேல் மட்டும் உப்புத்தாள் படவே வேண்டாம், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பது அதைத்தான்.