சூரியன் தேரே வழுக்கின ஊரு

ஏலே பேராண்டி, புது வண்டி எடுத்திருக்கியாம்லா. சந்தோசம். தவணை பாதி கூட முடியலன்னு உங்கப்பன் சொன்னான். அதுக்குள்ள சைலன்சரை மாத்திட்ட. நேத்து ராத்திரி நீ மேலகரத்துல முறுக்கினது இலஞ்சி வரைக்கும் கேட்டுச்சி. அங்க கோயில்ல இருக்க குமாரரே திடுக்குன்னு முழிச்சி மயிலைத் தேடியிருப்பாரு.

வேகமாப் போகாதேன்னு நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்லுததுக்கு உங்கம்மை இருக்கா, போலீஸ்காரன் இருக்கான், வளைவுக்கு வளைவு பலகை நட்டு வச்சிருக்கான். எனக்கு இருக்கது ஒரே ஒரு வருத்தம். நீ ஓட்டுததை ரேஸுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதியே, அதைத்தான் தாங்க முடியல. ஆலங்குளம் ரோட்டுல டவுன் பஸ்ஸை முந்துனியாமே. அந்த டிரைவருக்கு நீ போட்டியில இருக்கதே தெரியாதுலே.

வண்டியில 46ன்னு ஒட்டியிருக்க. நான் ஏதோ பஸ் நம்பர்னு நெனச்சேன். விசாரிச்சா, பைக் ரேஸ்காரரு வாலன்டினோ ரோஸியோட நம்பராம். ஒன்பது தடவ உலகப் பட்டம் வாங்கிட்டு 2021ல ஓய்வெடுத்த மனுசன். அவரு அணிப் பையன் பெட்செக்கிதான் 2023 செப்டம்பர்ல கிரேட்டர் நொய்டாவுல நடந்த மோட்டோஜிபியில மொதல்ல வந்தான். அதே வருசம் முகெல்லோவுல பிராட் பிண்டர்ங்கவன் 366 கிலோமீட்டர் வேகம் தொட்டுருக்கான். நம்பர் ஒட்டினா வேகம் வந்துரும்னா, நான் என் வேட்டியில ஒட்டிக்கிட்டு ரேசன் கடை வரிசையில முன்னால போயிருவேனே.

சரி, ஊரு கதைக்கு வாரேன். சாரல் நேரத்துல ஐந்தருவி ரோடு வழுக்குமான்னு என்கிட்ட கேக்காதே. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியிலயே சொல்லிட்டாரு. தேனருவித் தண்ணி எழும்பி வானத்து வழியா ஒழுகுனதுல சூரியனோட குதிரைக்குக் காலு வழுக்கிச்சாம், தேர்ச் சக்கரமும் வழுக்கிச்சாம். ஏழு குதிரை பூட்டுன தேரு. ஓட்டுதவன் அருணன். உலகம் தோணின நாள்ல இருந்து ஒரே ரூட்டு. அவனுக்கே அந்தக் கதி. நீ செல்போன்ல பாத்து வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவன்.

அதுலயும் பெருமழையை விட மொதத் தூறல்தான் பொல்லாதது. மாசக்கணக்கா ரோட்டுல சிந்துன எண்ணெய், தேஞ்ச டயர்ப் பொடி எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணியில ஊறி மேல வந்து நிக்கும். அடிச்சிப் பெஞ்சா கழுவிட்டுப் போயிரும். நம்ம ஊருல ஆனி, ஆடியெல்லாம் தூறலாவேதான் நிக்கும். காத்தை வேற சொல்லணும். பராக்கிரம பாண்டியன் கட்டின கோயில்ல கோபுர வாசல் தாண்டும்போது ஒரு காத்து ஆளைப் புடிச்சித் தள்ளும்லா, அதே காத்துதான் செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து சுரண்டைப் பக்கம் காத்தாடியெல்லாம் சுத்துது. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்திக்குப் பக்கத்துல படம் புடிக்கப் போறியே, அந்த வெட்டவெளி ரோட்டுல அது விலாவுல அடிக்கும். ரோட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கது ஒவ்வொரு டயர்லயும் உள்ளங்கை அகலம் ரப்பர்தான் பாத்துக்கோ. உன் தைரியம் பூரா அந்த ரெண்டு உள்ளங்கையில நிக்கி.

நெசமான பந்தயத்தை நான் பாத்திருக்கேன்லே. மெட்ராஸ்ல கொத்தவால்சாவடி மண்டியில கணக்கெழுதின காலம். பிப்ரவரி மாசமானா சோழவரத்துக்குக் கிளம்பிருவோம். ரெண்டாம் உலக யுத்தத்துல பிளேன் இறங்கப் போட்ட தளம் அது. யுத்தம் முடிஞ்சி சும்மாக் கிடந்த தரையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காரவிய பந்தயம் நடத்துனாவ. அந்த கிளப்பு 1953ல தொடங்கினது. விஜய் மல்லையா ஃபார்முலா கார் ஓட்டினதும் அங்கனதான். அங்க ஓடிப் பழகினது பின்னால லண்டனுக்கு ஓடுததுக்கு உதவிச்சி, அது வேற கதை.

கொடி விழுந்து அத்தனை வண்டியும் ஒண்ணா உறுமும்போது சத்தம் காதுல கேக்காதுலே, அடிவயித்துல கேக்கும். பொறவு ரெண்டு ஸ்ட்ரோக்கு எண்ணெய் கருகுத வாசனை. இப்பவும் எவனாவது பழைய ஆர்.எக்ஸ். 100ல போனா என் மூக்கு அவன் பின்னாலயே போயிருது. 98 சிசி, 11 குதிரைச் சக்தி. 1985ல வந்த வண்டி, 1996ல நிப்பாட்டிட்டான். இன்னைக்கு ஒருத்தன் அதைப் புது வண்டி விலைக்கு விக்கான், இன்னொருத்தன் கும்புட்டு வாங்குதான். ஏன் வாங்குதான்னு கேட்டா அவனுக்கே சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா உங்க ஆச்சி உள்ள இருக்கா. பின்கட்டுல சாக்கைப் போத்திக்கிட்டு நிக்குதே என் யெஸ்டி பைக்கு, மைசூர்ல செஞ்சது, மிதிச்சிக் கிளப்புத கம்பியவே மடக்கினா கியர் கம்பியாவும் ஆயிரும். அதைப் பழைய இரும்புக்குப் போடணும்னு அவ ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுதா. நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சரிங்கேன்.

சோழவரத்துல நான் கண்டுக்கிட்டது ஒண்ணு. நேர்த்தளத்துல முறுக்குதது எல்லாப் பயலுக்கும் வரும். தளம் முடிஞ்சி திரும்புத இடத்துல வைக்கோல் கட்டு அடுக்கியிருப்பாவ. அங்க வந்து யாரு கடைசி வரைக்கும் பொறுத்து பிரேக்கு புடிக்கானோ, அவன்தான் முன்னால வருவான். பந்தயமே பிரேக்குலதான் இருக்கு. நீயோ முன் பிரேக்கைத் தொட்டா கவுத்திரும்னு எவனோ சொன்னதைக் கேட்டு, பின் பிரேக்கையே மிதிச்சிக்கிட்டுத் திரியுத. வண்டி பாரம் முன்னால சாயும்போது முக்காவாசி நிப்பாட்டுதது முன் பிரேக்குதான். வேகம் ரெண்டு மடங்கானா நிப்பாட்டுத தூரம் நாலு மடங்கு. இடப்பக்கம் வளையணும்னா இடது கைப்பிடியை லேசா முன்னால தள்ளணும், அப்பத்தான் வண்டி அங்க சாயும். இது தெரியுமா உனக்கு? சைலன்சர் விலை தெரியும்.

1990ல பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிட்டு. 3.7 கிலோமீட்டர் தளம். அங்க ஓட்டுத பயலுவளைப் பாத்தா உனக்குச் சப்புன்னு ஆயிரும். சித்திரை வெயில்லயும் தோல் உடுப்பு. எண்ணெய் போல்ட்டு கழண்டு விழாம கம்பி போட்டுக் கட்டணும். ஹெல்மெட்டை ஒருத்தன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாப்பான். எல்லாம் சரியா இருந்தாத்தான் தளத்துல விடுவான். ஆம்புலன்ஸ் முடுக்கி நிக்கும். அப்படியிருந்தும் 2023 ஆகஸ்ட்ல பதிமூணு வயசுப் புள்ள ஒண்ணு அங்கேயே போயிட்டு. அதைப் பத்தி எனக்குக் கேலி வராதுலே.

பொம்பளைப் புள்ளைக்கும் அங்க இடம் இருக்கு. ஆலிஷா அப்துல்லாவோட அப்பா இம்தியாஸ் பெரிய பைக் ரேசர். மவளும் 600 சிசி வண்டியில பயலுவளோட சரிக்குச் சரி ஓட்டினா. நம்ம சீமைக்கும் இதுல பங்கு உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்காரு திருக்குறுங்குடிக்காரரு. அவரு வழி வந்த கம்பெனி 1982ல இருந்து ரேஸ் அணி வச்சிருக்கு. அந்த அணியில ஷொறணூர்ப் பையன் ஹரித் நோவா, 2024ல சவுதிப் பாலைவனத்துல டக்கார் ராலி ஓட்டி, மொத்தத்துல பதினொண்ணாவதா வந்தான், ராலி 2 பிரிவுல மொதலாவது. மணல்ல ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நீ புளியரை ஏத்தத்துல நின்னு டீ குடிச்சிட்டு ஸ்டேட்டஸ் போடுத.

பந்தய வெறி நமக்குப் புதுசும் இல்ல. கோயில் கொடை முடிஞ்சா மாட்டுவண்டிப் பந்தயம் வைக்கோம்லா. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சித்தானே விடுதோம்? பெரிய மாட்டோட பூஞ்சிட்டை நிறுத்தினா ஊரே அடிக்க வராது? 165, 300ன்னு சிசி பிரிக்கது அதேதான். ரோட்டுல நீ லாரிக்கும் சைக்கிளுக்கும் பால்காரனுக்கும் நடுவுல ஓடுதியே, நீ எந்தப் பிரிவு மாடுன்னு சொல்லு.

ரோட்டுலயே பந்தயம் ஓட்டுதவனும் இருக்கான். ஐல் ஆஃப் மேன்னு ஒரு தீவு. 1907ல இருந்து நடக்கு. ஒரு சுத்து அறுபது கிலோமீட்டர், மலை ரோடு, வீட்டுச் சுவரை உரசிக்கிட்டுப் போவான். இதுவரைக்கும் செத்தவன் இருநூறுக்கு மேல. ஆனா அந்த நேரம் ரோட்டை அடைச்சிருவான். புளியரை எஸ் வளைவுல உனக்காக எம்-சாண்ட் லாரிக்காரன் நிப்பானா? 2024 பிப்ரவரியில கேரளாவுல இருந்து பிளைவுட் ஏத்தி வந்த லாரி அங்கனதான் உருண்டு ரயில் தண்டவாளத்துல விழுந்துச்சி. டிரைவர் போயிட்டான். பக்கத்துல குடியிருந்த வயசான புருசனும் பெஞ்சாதியும் நடுராத்திரி டார்ச்சு லைட்டை ஆட்டிக்கிட்டுத் தண்டவாளத்துல ஓடி, வந்த ரயிலை நிப்பாட்டினாவ. முதலமைச்சர் அஞ்சு லட்சம் குடுத்தாரு. அந்த வளைவுல இதுவரைக்கும் ஜெயிச்ச ரேஸ் அது ஒண்ணுதான். கியரும் இல்ல, சைலன்சரும் இல்ல.

மறுபக்கத்தையும் கேட்டுக்கோ. 2023ல ஒரு யூடியூப் தம்பி காஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையில முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டப் போயி கையை ஒடிச்சிக்கிட்டான். பொறவு பத்து வருசத்துக்கு லைசென்ஸ் முடக்கம். கை கூடிரும்லே, முட்டைப்பத்து போட்டா ரெண்டு மாசம். லைசென்ஸுக்குப் பத்து போட வைத்தியன் கிடையாது.

மலைக்குப் போ, வேண்டாங்கல. விடியக்காலம் போ. மூணாம் கியர்ல கோட்டைவாசல் ஏறு. வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சிட்டு, திரும்பி முடிக்கும்போது முறுக்கு. குழியைப் பாக்காதே, போகவேண்டிய இடத்தைப் பாரு. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும். ஆரியங்காவு தாண்டினா ரப்பர்ப் பால் வாடை வரும், பதிமூணு கண்ணுப் பாலத்துக்கிட்ட குளிரு கழுத்துல ஏறும். ஹெல்மெட்டுக்குள்ள தன்னால பாட்டு வரும். திரும்பி வரும்போது பிரானூர் பார்டர்ல பரோட்டா.

ரேஸுதான் வேணும்னா அதுக்கும் வழி சொல்லுதேன். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. இருங்காட்டுக்கோட்டைக்குப் பொதிகை ரயில்ல ஏறினா காலையில எழும்பூரு, அங்கேருந்து கூப்பிடு தூரம்னு வச்சிக்கோ. அடுத்த பந்தயம் என்னைக்குன்னு உன் செல்போன்ல பாத்து, ரெண்டு டிக்கெட்டு போடு. துணைக்கு ஒரு பெரியவரு வந்தாத்தான் உங்கம்மை விடுவா, அதுக்காகச் சொல்லுதேன். ஆச்சிகிட்ட மெட்ராஸ்ல கண்ணு காட்டப் போறோம்னு சொல்லிக்கிடுவோம். பெரியவங்க சலுகையத்தான் 2020ல நிப்பாட்டிட்டான், எனக்குக் கீழ் பெர்த்தாவது கிடைக்கான்னு பாரு.