முனை மறுத்தால்...

கேள்வி: கையால் கடைந்த மரப் பேனா வைத்திருக்கிறேன். அழுத்தினால் முனை வெளியே வருகிறது. உள்ளே போக மறுக்கிறது. வயதாகிவிட்டது பேனாவுக்கா, எனக்கா? (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டு பேருக்கும் இல்லை, ஸ்பிரிங்குக்கு! அது நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால், பொத்தானுக்குக் கீழே சுழலும் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். அந்தப் பொறியை மட்டும் மாற்றினால் போதும், மரத்தைத் தொட வேண்டாம். 1954-இல் வந்த பார்க்கர் ஜாட்டர் பேனாவில், முனை ஒரே பக்கம் தேயாமலிருக்க, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ரீஃபிலே சற்றுத் திரும்பும். தேய்மானத்தைப் பங்கு போடுவதுதான் நீண்ட ஆயுளின் ரகசியம்.

வலுப்படுத்த எபாக்சி பசை வேண்டுமென்றால், மரத்துக்கும் அதனுள் இருக்கும் பித்தளைக் குழாய்க்கும் நடுவே மட்டும் பூசுங்கள். பொறிக்குள் ஒரு சொட்டு போனாலும் அடுத்த 'டிக்' கேட்காது.