யார் வீட்டு எண்ணெய்?

கேள்வி: பெட்ரோல் விலை கொஞ்சம் ஏறினாலே ஊரே கொதிக்கிறது என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி. ஐரோப்பாவோடு பார்த்தால் அங்கே வரி குறைவுதானே, ஏன் இத்தனை கோபம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் தம்பி இருக்கும் ஊரில் அதை வரி என்றே பலர் நினைப்பதில்லை, சாலையில் போவதற்கான கட்டணம் என்று நினைக்கிறார்கள். 1919-ல் ஆரிகன் மாநிலம் கேலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டதே சாலை போடத்தான். 1956-ல், அதிபர் ஐசனோவர் காலத்தில், நாடு முழுக்க நெடுஞ்சாலை போடக் கிளம்பியபோது இந்த வரி விழுவதற்கென்றே தனி நிதி உண்டாக்கினார்கள். 'சாலைக்கு' என்று எழுதி ஒட்டிய உண்டியல் அது. அரசாங்கம் சொன்ன வேலைக்கு மட்டும் காசு வாங்கட்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் உண்டியல் வற்றிவிட்டது. மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-ல் கேலனுக்கு 18.4 சென்ட் ஆனது. 30 ஆண்டு தாண்டியும் அந்த எண் அசையவில்லை. விலைவாசி ஏறியதில் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. 2008 முதல் பொதுக் கஜானாவிலிருந்து எடுத்து எடுத்து அந்த நிதியில் ஊற்றுகிறார்கள். 'ஓட்டுகிறவன் கட்டட்டும்' என்று தொடங்கிய ஏற்பாட்டில், இன்று கார் இல்லாத ஏழையின் வரிப்பணமும் சாலைக்குப் போகிறது. இது அநியாயம்.

கேள்வி: பிரிட்டனில் எப்படி? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: அங்கேயும் 1909-ல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் சாலைக்கென்றுதான் பெட்ரோல் வரி போட்டார். 1920-களில் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் சாலை நிதியில் மிஞ்சியதைப் பொதுக் கல்லாவுக்கு எடுத்துக்கொண்டார். இன்று பெட்ரோல் வரி ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்தேதான். அந்த வரியின் மேலும் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. வட்டிக்கு வட்டி மாதிரி, வரிக்கு வரி!

கேள்வி: கிணறு வைத்திருப்பவன் தண்ணீருக்கு அலைவானா? எண்ணெய் வளம் உள்ள நார்வேயில் பெட்ரோல் ஏன் அவ்வளவு விலை? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

பதில்: அருமையான கேள்வி, அண்ணே. கிணறு யாருடையது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நார்வேக்காரர்கள் அதைப் பேரப்பிள்ளைகளின் சொத்து என்று முடிவு கட்டினார்கள். எண்ணெய் வருமானத்தைச் சேர்த்துவைக்க 1990-ல் சட்டம் போட்டு, 1996-ல் முதல் பணம் போட்டார்கள். தாங்கள் ஊற்றும் பெட்ரோலுக்கோ முழு வரியும் கட்டுகிறார்கள். மின்சாரக் காருக்கு வரிச்சலுகையை அள்ளிக் கொடுத்தார்கள். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்கள் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள்.

வெனிசுவேலாவில் இதற்கு நேர்மாறு. எண்ணெய் மண்ணுக்குள் இருக்கிறது, மண் நம்முடையது, பிறகு எதற்குக் காசு என்பது ஜனங்களின் நியாயம். 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலை ஏறி, பஸ் கட்டணமும் ஏற, தலைநகர் கராகஸ் பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பயம் ஆட்சியாளர்களை விடவில்லை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2016 வரை விலையைத் தொடவே இல்லை. அப்போது தண்ணீரைவிடப் பெட்ரோல் மலிவாக இருந்தது. அந்த மலிவில் அதிகம் அள்ளியவர், பெரிய கார் வைத்திருந்தவர்தானே? பஸ்ஸுக்குக் காத்து நின்றவருக்கு என்ன கிடைத்தது?

கேள்வி: சுற்றுச்சூழலுக்காக வரி போட்டால் பிரான்ஸில் ஏன் தெருவுக்கு வந்தார்கள்? (ஆசிரியை, புதுச்சேரி)

பதில்: டீசலுக்கு வரி குறைவு, டீசல் கார் வாங்குங்கள் என்று பல வருஷம் பழக்கிய அரசாங்கம், பிறகு அதே டீசலுக்கு வரியை ஏற்றியது. பணக்காரர்களின் சொத்து வரியைச் சுருக்கியதும் அதே 2018-ல்தான். பஸ் வராத கிராமத்துக்காரர் என்ன செய்வார்? நவம்பர் 17 அன்று சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். ஜனவரியில் வரவேண்டிய வரி உயர்வை டிசம்பரிலேயே கைவிட வேண்டியதாயிற்று. மறித்தவர்கள் போட்டிருந்த மஞ்சள் மேல்சட்டை ஒவ்வொரு காரிலும் இருந்தே ஆகவேண்டும் என்று 2008-ல் உத்தரவு போட்டதே அரசாங்கம்தான்!