இருக்கைமேல் இட்ட துண்டும் காண்போர் குணமும்: ஓர் ஆய்வு

துண்டு போடுதல் என்பது, பேருந்து நிலையத்துக்குள் நுழையும் பேருந்து முழுதாக நிற்பதற்கு முன்பே அதன் சன்னல் வழியாகக் கையை நீட்டி, தனக்கோ தன்னைச் சேர்ந்தோருக்கோ வேண்டிய இருக்கையின்மேல் துணி முதலிய பொருள் ஒன்றை இட்டு, பின்னர் படி வழியாக முண்டியடித்து ஏறி வந்து அவ்விடத்தை அடையும் வழக்கமாகும். முன்பதிவில்லாத வெளியூர்ப் பேருந்துகளில், அதிலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில், இவ்வழக்கம் தன் முழு வளர்ச்சியை எட்டுகிறது. பெயர் துண்டு எனினும் இடப்படுவது துண்டாகவே இருக்க வேண்டும் என்னும் விதி இல்லை. கைக்குட்டை, மாலைச் செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், மஞ்சள் பை, ஒற்றைச் செருப்பு ஆகியனவும் துண்டின் தகுதியைப் பெறும் என்பது பயணிகளிடையே நிலவும் பொதுக்கருத்து. சன்னல் வழியே உள்ளே இறக்கப்படும் குழந்தையும் இவ்வகையில் அடங்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைக்கு வாய் இருப்பதால், அதைத் துண்டாகக் கொள்ளாமல் துண்டு போட்டவரின் பிரதிநிதியாகக் கொள்வதே பொருத்தம்.

துண்டு போடுவோரைப் பற்றி இதுவரை நிறையப் பேசப்பட்டுள்ளது. அப்பேச்சில் பெரும்பகுதி அச்சேறத் தக்கதன்று. இவ்வாய்வு எடுத்துக்கொள்வது துண்டைப் பார்ப்பவரை. படியேறி வந்தவர் காண்பது நீலக்கட்டம் போட்ட, ஓரம் இன்னும் ஈரமாக இருக்கும் துண்டு ஒன்றை மட்டுமே. உரியவர் கண்ணில் படாத நிலையில், அத்துண்டைக் கொண்டே அவருடைய வயது, வளர்ப்பு, நோக்கம், நேர்மை ஆகிய அனைத்தையும் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் பார்ப்பவருக்கு நேர்கிறது. இந்த முடிவில் துண்டிலிருந்து வருவது மிகக் குறைவு என்பதும், பார்ப்பவரின் குணத்திலிருந்து வருவதே மிகுதி என்பதும் இங்கு நிறுவப்படும்.

பிறர் செயலுக்கு மனிதர் எவ்வாறு காரணம் கற்பிக்கின்றனர் என்பதை 1958இல் வெளிவந்த தம் நூலில் ஃபிரிட்ஸ் ஹைடர் ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்த லீ ராஸ் 1977இல் ‘அடிப்படைக் கற்பிதப் பிழை’ என ஒன்றைப் பெயரிட்டார். பிறர் செயலுக்கு அவர் சிக்கிய சூழலைக் காரணமாகக் கொள்ளாமல் அவருடைய குணத்தையே காரணமாகக் கொள்ளும் மனப்போக்கு என்பது அதன் பொருள். தான் போட்ட துண்டு முழங்கால் வலியுள்ள தாயாருக்காகப் போட்டது, அடுத்தவர் போட்ட துண்டு நாட்டில் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டதற்குச் சான்று என ஒரே பயணி ஒரே பேருந்தில் ஒரே மூச்சில் கருதுவது இதனாலேயே. ஆயினும் இப்பிழையை எல்லாரும் ஒரே அளவில் செய்வதில்லை. ‘காண்போர் விளைவு’ என்பது, யாரைப் பார்த்தாலும் ஒருவர் ஏறத்தாழ ஒரே விதமாக மதிப்பிடும் பாங்கு. டஸ்டின் வுட், பீட்டர் ஹார்ம்ஸ், சிமீன் வாசிர் ஆகிய மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பிறரை நல்லவராகக் காண்போர் தாமும் இணக்கமானவராக இருப்பதையும், பிறரைப் பொதுவாகக் கெட்டவராகக் காண்பதோடு தற்பெருமை முதலியன சேர்ந்து வருவதையும் கண்டனர். அவ்வாய்வாளர்கள் பண்டிகை இரவில் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தால் பாதி உழைப்பு மிஞ்சியிருக்கும்.

குணங்களை எத்தனையாகப் பகுப்பது என்பது பழைய வழக்கு. 1936இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியைத் துழாவி, மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துக்காட்டும் சொற்கள் ஏறத்தாழ 18,000 எனத் திரட்டினர். பின்வந்தோர் அவ்வளவையும் வடித்துப் புறமுகம், இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதுமை நாட்டம் என ஐந்தாக்கினர். இவற்றுள் புதுமை நாட்டம் உடையோர் துண்டின் நெசவைப் பார்த்துக்கொண்டே இடத்தைக் கோட்டை விடுவதால், அவர்களைப் பற்றி மேலும் கூற ஒன்றுமில்லை.

இணக்கம் மிக்கவர் துண்டைக் கண்டதும், “பாவம், யாரோ பெரியவர் பாத்ரூம் போயிருப்பார்” என்று சொல்லி நகர்கிறார். அத்துண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கி வந்த கல்லூரி மாணவருடையது என்பது தெரிந்த பின்னும், அவருக்கு அன்று தேர்வு இருந்திருக்கும் என்று திருத்திக்கொள்கிறாரே ஒழியக் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. பொறுப்புணர்வு மிக்கவர், முதலில் ஏறியவருக்கே இடம் என்னும் நெறியைத் துண்டு மீறுகிறதா காக்கிறதா என ஆராயத் தொடங்கி, முடிவு காண்பதற்குள் ஊர் வந்து சேர்கிறார். மனக்கலக்கம் உடையவரோ துண்டின்மேல் ஒருகால் அமர்ந்துவிட்டால் எழும் பூசலை முன்கூட்டியே கண்முன் கண்டு வியர்ப்பதால், ஆளில்லாத இருக்கையின் அருகிலேயே விழுப்புரம் வரை நின்று வருகிறார். இவரைக் கோழை என்று இகழ்தல் அறியாமை. 1970களில் ஸ்டான்லி மில்கிராம் தம் மாணவரை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பி, காரணம் எதுவும் சொல்லாமல் பிறரிடம் இருக்கையைக் கேட்கச் செய்தபோது, கேட்கப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் இடம் கொடுத்தனர். கேட்டவர்களுக்கே நா எழவில்லை. மில்கிராம் தாமே கேட்கப் போய்ச் சொல் தொண்டையில் சிக்கி நின்றதையும் பதிவு செய்துள்ளார்.

இணக்கத்தின் மறுமுனையில் நிற்கும் ஐயம் மிக்கவர் வகையே ஆய்வுக்கு வளமானது. இவர் துண்டை இரு விரல் நுனியால் தூக்கிச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு அமர்கிறார். உரியவர் வந்து சேர்ந்ததும் இருவரிடத்தும் வெகுளி தோன்றுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு நிலைக்களன்களையே கூறுகிறது. அதாவது உறுப்பை அறுத்தல், குடியைச் சேர்ந்தோர்க்குக் கேடு சூழ்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல். துண்டை எடுத்தல் இவற்றுள் எதில் அடங்கும் என்பதை உரையாசிரியர் எவரும் தொடவில்லை. கைக்குழந்தையோடு மனைவி நிற்க, துண்டு உட்கார்ந்து வருவதைக் கண்ட ஐயம் மிக்கவர் அதைக் குடிகோளின்பாற் படுத்துகிறார். துண்டுக்குரியவரோ, தோளை விட்டு என்றும் இறங்காத துண்டு தம் உடம்பில் ஒன்று எனக் கொண்டு, அதை அகற்றியதை உறுப்பறையில் வைக்கிறார். வழக்கு நீடித்தால் அலையும் உடன் சேர்வதுண்டு. கொலை வரை செல்லாததற்கு ஓட்டுநர் சட்டென்று அழுத்தும் பிரேக்கே பெரும்பாலும் காரணம்.

எஞ்சியிருப்பது புறமுகத்தார், அதாவது பிறரோடு பேசாமல் இருக்க இயலாதவர். இவர் துண்டுக்குரியவரை அறியார். எனினும் பக்கத்து இருக்கையில் அமர்ந்த கணம் முதல் அத்துண்டுக்குத் தம்மைக் காவலராக நியமித்துக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் “ஆள் வருது, ஆள் வருது” என்று அறிவித்தவண்ணம் இருக்கிறார். வருகிற ஆள் ஆணா பெண்ணா என்று கேட்டாலும் தயங்காது விடை தருவார். ராபர்ட் சோமரும் ஃபிராங்க்ளின் பெக்கரும் 1969இல் நூலக மேசைகளில் பொருள்களை விட்டுச் சென்று ஆராய்ந்து, மேலங்கி போன்ற சொந்தப் பொருள்கள் பொதுப் பொருள்களைவிட நன்றாக இடம் காப்பதைக் கண்டதோடு, காவல் காக்கும் அண்டை அயலாரின் பங்கையும் ‘நல்ல அயலார்’ என்னும் பெயரால் சுட்டினர். தமிழ்நாட்டில் செருப்பைவிடத் துண்டு நன்கு காப்பது இம்முடிவுக்கு வலுச்சேர்க்கிறது.

ஆயினும் நல்ல அயலாரின் நன்மைக்கு ஓர் எல்லை உண்டு. நெரிசலைப் பிளந்துகொண்டு வரும் நடத்துநர், இருக்கையில் ஆளில்லாததைக் கண்டு, “துண்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?” என்று வினவுகிறார். பயணிகளுள் எக்குணத்தாரைக் கண்டாலும் சில்லறை உள்ளவர், சில்லறை இல்லாதவர் என இரண்டாக மட்டுமே பகுத்துக் காண்பவர் அவர் ஒருவரே. அதுவரை வந்த அனைவரிடமும் ஆள் வருவதாக உறுதி கூறிய புறமுகத்தார், “யாரோ போட்டதுங்க, எனக்கென்ன தெரியும்” என்று கூறிவிடுகிறார். சோமரும் பெக்கரும் இந்நிகழ்வைக் காணாமல் போனதில் வியப்பில்லை. நூலகங்களில் நடத்துநர் கிடையாது.